சந்தனம் பூசிய பிஸ்டல்

அத்தான் தொலைபேசியில் "ஒரு சின்ன மொழிபெயர்ப்பு இருக்கு, தம்பி" என்றுதான் சொன்னார். நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, விவாகப் பதிவு, பிரிந்த பிறகு அந்த விவாகப் பதிவை இல்லாமலாக்கும் தீர்ப்பு, எல்லாவற்றையும் ஒரே முகத்தோடு மொழிபெயர்ப்பவன். என் றப்பர் முத்திரை இல்லாமல் இந்தக் குடாநாட்டிலிருந்து ஒருவரும் கனடாவுக்குப் போனதில்லை என்று சொல்லித் திரிவேன். கேட்பவர்கள் நம்புவதில்லை. நானும் நம்புவதில்லை.

"என்னத்தை மொழிபெயர்க்கிறது, அத்தான்?"

"வாருமன். வந்து பாரும். உம்மடை அக்கா நண்டு வாங்கியிருக்கிறா."

நண்டு என்றால் நான் அகராதியையே மொழிபெயர்ப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நல்லூரிலிருந்து பஸ் பிடித்துச் சாவகச்சேரிக்குப் போனேன். அக்கா வீட்டுப் பின்விறாந்தையில் மேசை போட்டு, அதன்மேல் சாக்கு விரித்து, சாக்கின்மேல் பழைய பேப்பர் விரித்திருந்தார்கள். போத்தல் மூடி ஒன்றில் மண்ணெண்ணெய், பழைய பல்லுத் தேய்க்கும் பிரஷ், பழைய சாரம் கிழித்த துணித்துண்டுகள், தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய். எல்லாவற்றுக்கும் நடுவே அத்தானின் பிஸ்டல். பக்கத்தில் ஒரு மெல்லிய ஆங்கிலப் புத்தகம். புதிதாக வாங்கியவர்கள் அதை எப்படிக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட வேண்டும் என்று படம் போட்டு எழுதியிருந்தது.

அத்தானுக்குச் சாவகச்சேரியில் சின்னதாக ஒரு நகைக்கடை. போன சித்திரையில் கடை பூட்டும் நேரம் இரண்டு பேர் வாளோடு வந்தார்கள். அத்தான் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் கையைக் குறுக்கே வைத்து மறித்தார். இடது முன்கையில் வெட்டு விழுந்தது. சத்தம் கேட்டுச் சனம் கூட, வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். நகை பெரிதாக ஒன்றும் போகவில்லை. காயம் ஆறிவிட்டது, கை பழையபடி வந்துவிட்டது என்று அத்தான் எல்லோருக்கும் சொன்னார். ஆனால் அன்று பூட்டிய கடையைப் பிறகு திறக்கவில்லை. ஒவ்வொரு காலையும் குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சேட்டுப் போட்டு, கடைத் திறப்புக் கோர்வையோடு வாசல் படலை வரைக்கும் போவார். அங்கே சற்று நின்றுவிட்டுத் திரும்பி வருவார். "இண்டைக்கு நாள் சரியில்லை" என்பார். அந்த ஆறு மாதத்தில் எங்கள் பஞ்சாங்கத்தில் ஒரு நல்ல நாளும் வரவில்லை.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். இடுப்பில் ஒரு பிஸ்டல் இருந்தால் கடைக் கதிரையில் இருப்பார், இல்லாவிட்டால் கடையை விற்றுவிடுவார். பாதுகாப்புக்கென்று கொழும்புக்கு விண்ணப்பம் எழுதி, அலைந்து, அனுமதி எடுத்தார். அந்தக் கடிதங்களைச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்ததும் நான்தான். தீபாவளி கழிந்து வரும் வியாழக்கிழமை கடை திறப்பதாக நாளும் பார்த்தாயிற்று.

அக்கா ஒரு நிபந்தனை வைத்தாள். ஒவ்வொரு நாளும் கடையிலிருந்து பிஸ்டல் வீட்டுப் படலைக்குள் வரும்போது உள்ளே ஒன்றும் இருக்கக்கூடாது. அதை அவரே தன் கையால் திறந்து, வெறுமையாக்கி, அவளுக்குக் காட்ட வேண்டும். கடை திறக்க முதல், புத்தகத்தில் உள்ளபடி முழுவதையும் அவள் கண் முன்னால் ஒருமுறை செய்து காட்ட வேண்டும். காட்ட ஏலாவிட்டால் பிஸ்டல் வந்த இடத்துக்கே போய்விடும்.

அக்கா ஏன் இப்படிச் சொல்கிறாள் என்று அத்தானும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் வயதுக்காரருக்கு இந்த ஊரில் பெரிய துவக்குகள் பழக்கம். அவை தூரத்தில் வெடிக்கும், நாங்கள் பதுங்குகுழிக்குள் இறங்குவோம். பிஸ்டல் அப்படியல்ல. அது சைக்கிளில் வரும், படலையில் நின்று ஆளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். எங்கள் சித்தப்பாவை அப்படித்தான் கூப்பிட்டார்கள். சுட்டது யார் என்று இன்றைக்கும் தெரியாது. அக்காதான் படலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, உங்களை ஆரோ கூப்பிடினம்" என்று வந்து சொன்னவள். அதைப்பற்றி அவள் கதைத்து நான் கேட்டதில்லை.

"வாசி" என்றாள் அக்கா. கதிரையை இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

நான் கண்ணாடியைப் போட்டு, நீதிமன்றத்தில் வாசிக்கும் குரலை எடுத்தேன். "முதலாவதாக, ஆயுதத்தின் வாயைப் பாதுகாப்பான திசையை நோக்கித் திருப்பவும்."

அத்தான் அதைக் கிணற்றடி வாழைப்பக்கம் திருப்பினார்.

"வாழைப்பக்கம் வேண்டாம்" என்றாள் அக்கா. "குலை தள்ளியிருக்கு."

"அப்ப பக்கத்து வளவு மதிலுக்குத் திருப்பட்டோ?"

"ஐயோ அத்தான்" என்றேன், "அந்த மனுசன் ஏற்கெனவே வேலி வழக்குப் போட்டிருக்கிறார். அதுக்கு நான்தான் மொழிபெயர்ப்பு."

கடைசியில் குசினி கட்டி மிஞ்சிக் கிடந்த மண்கும்பியை நோக்கித் திருப்பினோம். மூவரும் சிரித்தோம். அன்று சிரித்தது அவ்வளவுதான்.

"இரண்டாவது, துப்பாக்கி ரவைகள் அடுக்கும் மகசீனைக் கழற்றவும்."

"அது கழட்டியாச்சு" என்றார் அத்தான். "மகசீன் ரவையோடை உம்மடை அக்கான்ரை அலுமாரிக்கை. திறப்பு அவவின்ரை இடுப்பிலை."

"மூன்றாவது, மகசீன் கழற்றியிருந்தாலும் ஆயுதம் வெறுமை என்று எண்ணவேண்டாம். மேல்மூடியைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே ரவை இல்லை என்று கண்ணால் பார்க்கவும். பார்க்கும் வரை வேறெதுவும் செய்யவேண்டாம்." அந்த வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். பிஸ்டலின் மேல்பாதி முழுவதும் ஒரு மூடி. ஒரு கையால் பிடியைப் பிடித்து மற்றக் கையால் அதைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். உள்ளே ஒரு வலுவான சுருள்வில். ஒருமுறை வெடித்தால் அந்த மூடி தானே பின்னுக்குப் போய் முன்னுக்கு வரும், வரும்போது கீழேயிருந்து அடுத்த ரவையையும் தள்ளிக்கொண்டு வரும். இதையெல்லாம் படத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டு நான் தலையை ஆட்டினேன், ஏதோ பிறந்ததிலிருந்து தெரிந்தவன் போல.

அத்தான் வலது கையால் பிடித்து, இடது கையால் மூடியைப் பற்றி இழுத்தார். அது அசையவில்லை.

"சந்தனம் இறுகிப்போட்டுது" என்றார்.

அது உண்மைதான். பிஸ்டல் வீட்டுக்கு வந்தது சரஸ்வதி பூசைக்கு முதல் நாள். தொழில் செய்யும் பொருள் எல்லாம் பூசைக்கு வைக்கும் நாள். வருடா வருடம் தராசு, ஊதுகுழல், நகை பிடிக்கும் சாமணம் எல்லாம் தாம்பாளத்தில் வைப்பார்கள். என் றப்பர் முத்திரையையும் நான் கொண்டுபோய் வைப்பேன். இந்த வருடம் தராசுக்குப் பக்கத்தில் பிஸ்டல். அத்தான் அதைக் குத்துவிளக்கு நல்லெண்ணெய் தொட்டுத் துடைத்து, மூன்று குறி சந்தனம் வைத்தார். அவருடைய பேத்தி மடியில் ஏறி இருந்து, அதன் வாய்க்கு நேரே குங்குமப் பொட்டு வைத்தாள். "கலைவாணிக்கு இந்த வருசம் காவல் பலம்" என்று நான் பகிடி விட்டேன். சந்தனம் மூடியின் விளிம்பு வழியே உள்ளே இறங்கி, நல்லெண்ணெயோடு சேர்ந்து, இப்போது மா பூசியதுபோல இறுகிக் கிடந்தது.

சாரத்துண்டை மண்ணெண்ணெயில் தோய்த்து வெளிவிளிம்பைத் துடைத்தார். மெஷின் எண்ணெய் விட்டுக் கொஞ்சம் ஊற வைத்தார். திரும்ப இழுத்தார். நெற்றியில் வியர்வை வந்தது. மூடி ஒரு நகக்கண் அளவு பின்னுக்குப் போய்ப் பழையபடி வந்தது.

"தம்பி, நீர் ஒருக்கா இழும்."

"நானோ? எனக்கு மொழிபெயர்ப்புக்குத்தான் சத்தியப்பிரமாணம், அத்தான்."

ஆனாலும் வாங்கினேன். நான் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. மண்கும்பியைப் பார்த்துப் பிடித்தேன். எண்ணெய் பட்ட விரல் வழுக்கி, மூடி அரைவாசி போய் அறைந்து திரும்பியது. நான் அதைப் பிறந்த குழந்தையைப் போல இரண்டு கையாலும் ஏந்தி மேசையில் வைத்தேன்.

"தள்ளு" என்றாள் அக்கா.

எழுந்துபோய்க் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். சட்டையில் துடைத்தாள். "எங்கை பிடிக்கிறது? விளங்கிறமாதிரிச் சொல்லு."

"பின்பக்கம் வரி வரியாக் கிடக்கெல்லோ, அதிலை. விசையிலை விரல் வையாதை. மண்ணைப் பார்த்துப் பிடி. இறுக்கி ஒரே இழுவை."

நாளாந்தம் இடியப்பம் பிழிகிற கை. ஒரே இழுவையில் மூடி கடைசிவரை போனது. போன வேகத்தில் உள்ளேயிருந்து மஞ்சளாக ஒன்று துள்ளி வெளியே பாய்ந்தது. பேப்பரில் விழுந்து உருண்டு, மண்ணெண்ணெய் மூடியில் முட்டி நின்றது.

ரவை.

குசினியில் நண்டுக்குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்டது. நான் புத்தகத்தின் அந்தத் தடித்த வரியைத் திரும்ப வாசித்தேன், வாய் திறக்காமல்.

"இது எங்கையிருந்து வந்தது?" அக்கா மெல்லக் கேட்டாள்.

அத்தான் ரவையைப் பார்த்தபடியே அவளுக்குச் சொன்னார். பாவிக்கக் காட்டித்தர வந்த, பென்சன் எடுத்த பொலிஸ்காரர், மூடியைப் பின்னுக்கு இழுத்துக் கொளுவி, திறந்தபடியே கொடுத்துவிட்டுப் போனாராம். திறந்து கிடந்தால் பயமில்லை என்றாராம்.

"பேந்து பூசைக்கு வைக்கேக்கை பார்த்தன். வாயைப் பிளந்துகொண்டு கிடக்கு. அம்பாளுக்கு முன்னாலை அப்பிடி வைக்கலாமோ? வெறுமனையும் வைக்கேலாது. குடத்தையே நாங்கள் வெறுங்குடமா வைக்கிறேல்லையே. அதுதான் ரவையோடை மகசீனைப் போட்டு, பிடிக்கு மேலை துருத்திக்கொண்டிருந்த சின்னக் கட்டையைப் பெருவிரலாலை அமத்தினன். மூடி தானா வந்து மூடினது. பேந்து நீர் வந்து இதுக்குள்ளை ரவை கிடக்கப்படாதெண்டு சத்தம் போட, மகசீனைக் கழட்டி உம்மட்டைத் தந்தன். எல்லாம் அதோடை வந்திட்டுதெண்டு நினைச்சன்."

நிறைகுடம் வைக்கும் கை. அந்தக் கட்டையை அமத்தியபோது மூடி முன்னுக்கு ஓடி, ஒரு ரவையை உள்ளே தள்ளி வைத்துவிட்டது. அந்தப் பூசையில்தான் பேத்தி அதன் வாய்க்கு நேரே விரலை நீட்டிப் பொட்டு வைத்தாள். நான் அவலும் கடலையும் தின்றபடி பகிடி விட்டேன்.

அக்கா ரவையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அலுமாரி திறந்து பூட்டும் சத்தம் கேட்டது. வரும்போது முகம் கழுவியிருந்தாள். இதோடு எல்லாம் முடிந்தது, இன்னும் ஒரு நிமிடத்தில் அது சாக்கோடு சுற்றப்பட்டுவிடும் என்று நினைத்தேன்.

"மிச்சத்தை வாசி" என்றாள். "தொடங்கினது முடியட்டும். சந்தனத்தாலைதான் ஏலாமல் போனதெண்டு அவர் சொல்லுறார். துடைச்சுப் பார்ப்பம்."

வாசித்தேன். அக்கா மூடியை இழுத்துப் பிடிக்க, அத்தான் ஒற்றைக் கையால் பக்கத்து ஊசியைத் தள்ள, மூடி முன்னுக்கு வழுகிக் கையோடு வந்தது. சுருள்வில் வந்தது. குழல் வந்தது. அவ்வளவு பயங்கரமான பொருள், கழற்றி வைத்தால் நாலைந்து இரும்புத்துண்டு. தண்ணீர்ப்பம்பைக் கழற்றினால்கூட இதைவிடக் கூட வரும்.

அக்கா பிரஷால் தேய்த்தாள். அத்தான் துடைத்தார். நான் குழலுக்குள் துணியைக் குச்சியால் தள்ளினேன். ஒரு பக்கத்தால் போன வெள்ளைத்துணி மறுபக்கத்தால் குங்குமச் சிவப்பாக வந்தது. அக்கா அதைப் பார்த்தாள். என்னிடமிருந்து வாங்கி, மடித்து, தன் பக்கத்தில் கீழே போட்டுவிட்டு வேறு துணி தந்தாள். எண்ணெய் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சொட்டே காணும், அதற்கு மேல் வேண்டாம் என்று புத்தகம் சொன்னது. எங்கள் ஆட்களுக்கு எண்ணெய் என்றால் சனிக்கிழமை முழுகுகிற அளவுதான் தெரியும். அத்தான் போத்தலைச் சரிக்கப் போனார். அக்கா அதை வாங்கி, ஊசியால் தொட்டுத் தொட்டு வைத்தாள்.

சந்தன மணமும் மண்ணெண்ணெய் மணமும் ஒன்றாக எழும்பின. அந்த மணத்துக்கு எந்தப் பாஷையிலும் என்னிடம் சொல் இல்லை.

திரும்பப் பூட்டி முடித்தோம். அக்கா இரண்டு முறை இழுத்துவிட்டாள். மூடி வெண்ணெயில் போவதுபோலப் போய் வந்தது. உள்ளே ஒன்றுமில்லை என்று மூவரும் மாறி மாறி எட்டிப் பார்த்தோம். பிறகு அதை அத்தானின் முன்னால் வைத்தாள்.

"இப்ப நீங்கள்."

அத்தான் வலது கையால் எடுத்தார். இடது கையை மேலே வைத்தார். அப்போதுதான் நான் அந்தக் கையைச் சரியாகப் பார்த்தேன். பெருவிரலும் அதற்கடுத்ததும் பிடித்தன. மற்ற விரல்கள் மடங்கவில்லை, வேறு யாருடையவோ போல நீட்டிக்கொண்டு நின்றன. இழுத்தார். விரல் கழன்று வந்தது. கையை மாற்றினார், வலது கையால் இழுக்க. பிடியை இறுக்க இடது கையால் முடியவில்லை, பிஸ்டல் முழுவதுமே திரும்பியது. முழங்கால்களுக்கிடையில் வைத்து இழுத்துப் பார்த்தார். வெள்ளைச் சேட்டெல்லாம் எண்ணெய். காதுகள் சிவந்துபோயின.

நான் புத்தகத்துக்குள் தலையைக் குனிந்தேன். இதற்கு அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"காணும், வையுங்கோ" என்றாள் அக்கா.

வைத்தார்.

"எப்ப துவக்கம் இப்பிடி?"

"வெட்டு விழுந்த நாள் துவக்கம்."

"ஆறு மாசமா ஒரே வீட்டுக்குள்ளை இருக்கிறம். என்னட்டையும் கை சரியெண்டுதானே சொன்னனீங்கள்?"

"சேட்டுப் பொத்தான் பூட்ட ஏலுது. சாப்பிடுறது மற்றக் கை. ஆருக்குத் தெரியும்?" அத்தான் கையை மேசைக்குக் கீழே கொண்டுபோனார். "கடையிலை நான் என்னத்தைச் செய்யிறது? சாமணம் பிடிக்கேலாது. கொளுக்கி கழட்டேலாது. நிறுக்கேக்கை தட்டுப் பிடிக்கேலாது. வாறவன் பார்ப்பான். இண்டைக்கொருவன் பார்த்தால் நாளைக்கு ஊர் முழுக்கத் தெரியும், இந்த மனுசனுக்கு ஒரு கை இல்லையெண்டு. பேந்து திரும்பவும் வருவாங்கள்." பிஸ்டலைப் பார்த்தார். "இடுப்பிலை இது கிடந்தால் எல்லாரும் இதைத்தானே பார்ப்பினம். கையைப் பார்க்கமாட்டினம் எண்டு நினைச்சன்."

எனக்குப் பகிடி விடும் வியாதி இருக்கிறது. செத்தவீட்டிலும் விடுவேன். அன்று ஒன்றும் வரவில்லை.

அக்கா பிஸ்டலைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள். பிறகு, "உங்களுக்கு இதாலை சுடேலாது" என்றாள். "சுடேலாதெண்டு வாறவனுக்குத் தெரிஞ்சால் இது அவன்ரை கைக்குப் போகும். அப்ப என்ன செய்வீங்கள்?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ வாங்கினனீங்கள்?"

அக்கா எழுந்தாள்.

"வியாழக்கிழமை நான் வாறன். சாமணத்தை நான் பிடிக்கிறன், தராசை நான் பிடிக்கிறன். தட்டார வீட்டுப் பொம்பிளை கடையிலை வந்து குந்தியிருக்கிறாளெண்டு ஆரும் சொன்னால் சொல்லட்டும். கையை மட்டும் ஒளிக்காதையுங்கோ. ஒளிச்சு ஒளிச்சுத்தான் அந்தச் சனியனைக் கொண்டுவந்து பேத்தியின்ரை முகத்துக்கு நேரை வைச்சனீங்கள்." குரல் அங்கேதான் உடைந்தது. குசினிக்குள் போய்விட்டாள்.

நண்டு சாப்பிட்டோம். அத்தானுக்கு அக்கா கோது உடைத்துக் கொடுத்தாள். அதுவரை நண்டு தனக்குச் சூடு என்று சொல்லி அவர் ஆறு மாதமாகத் தொடாமல் இருந்திருக்கிறார்.

திங்கட்கிழமை அத்தானோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். பிஸ்டலைத் திருப்பிக் கொடுப்பதற்கு, அதை எடுத்ததைவிடக் கூட நேரம் எடுத்தது. என் சிங்களம் முழுவதும் செலவாகியது. இவ்வளவு சுத்தமாக ஒருவரும் கொண்டுவந்து தந்ததில்லை என்று அங்கிருந்த அதிகாரி முகர்ந்து பார்த்துவிட்டு, ஏன் ஊதுபத்தி மணக்கிறது என்று கேட்டார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

வியாழக்கிழமை நானும் போனேன். அத்தான் படலையில் நின்றார். அக்கா அவரைத் தாண்டி வெளியே போய், றோட்டில் நின்று திரும்பிப் பார்த்தாள். கூப்பிடவில்லை. அவர் வரும்வரை அப்படியே நின்றாள்.

கடையின் இரும்புக் கதவை நானும் அக்காவும் தூக்கினோம். அத்தான் கதிரையைத் துடைத்து, சாமிப்படத்துக்கு விளக்கேற்றி, இருந்தார். ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் அவர் தோள் ஒருமுறை ஏறி இறங்கியது. எனக்கும் ஏறி இறங்கியது. பக்கத்துக் கடைக்காரர் வந்து சுகம் கேட்டுவிட்டுப் போனார். வேறு யாரும் வரவில்லை. மழை தூறியது.

மத்தியானத்துக்குச் சற்று முன், ஒரு பிள்ளை குடையை மடக்கி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். கழுத்துச் சங்கிலியைக் காட்டி, கொளுக்கி தளர்ந்துபோய்விட்டது, மாற்ற வேண்டும் என்றாள். "நீங்களே கழட்டிவிடுங்கோ ஐயா, எனக்குப் பின்னாலை எட்டேல்லை" என்று திரும்பி நின்றாள்.

அக்கா அசைந்தாள். அத்தான் அவளைப் பார்த்தார், பிறகு இடது கையை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல், வெளிச்சத்தில் வைத்தார்.

"எனக்கு இந்தக் கை வழங்காது, பிள்ளை" என்றார். "வெட்டுப்பட்டது. இவ கழட்டுவா."

அந்தப் பிள்ளை திரும்பி, கையைப் பார்த்தாள். "ஐயோ" என்றாள். அக்கா சங்கிலியைக் கழற்றித் தராசில் போட்டாள். அத்தான் கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்து, புதுக்கொளுக்கிக்கு என்ன வரும் என்று சொன்னார்.

அந்தப் பிள்ளை முதல் சொன்னதைவிடப் பெரிதாக இன்னொரு "ஐயோ" சொல்லி, விலை பேசத் தொடங்கினாள். அத்தான் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, விட்டுக்கொடுக்காமல் பேசினார்.